கிணற்றடியில் எடுத்த பூஜ்யம்

வெள்ளிக் கிரகத்துக்குப் போகவேண்டிய கருவியை முதலில் ஒரு கிணற்றில் இறக்கிப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னது வெற்றிச்செல்விதான். அங்கே நடந்ததையும் அவள் பிற்பாடு மறைக்கவில்லை. மறைத்திருந்தால் இன்றைக்கு அவளுக்குப் போக ஒரு மாமன் வீடு இருந்திருக்கும்.

2003-ஆம் வருஷம், சித்திரை மாதம். அவளுக்கு இருபத்தேழு வயது. அரியலூருக்கு மேற்கே ஒரு காலனியில் பிறந்து, பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பொறியாளராக இருந்தாள். அங்கே ஒரு சிறு குழு கிரகங்களின் காற்றை அளக்கிற கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. பூசணிக்காய் அளவு உலோகக் குண்டு. அதன் வயிற்றில் விரல் நீளக் குழாய். குழாய்க்குள் காற்றை உறிஞ்சி, ஒரு முனையிலிருந்து அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், கரியமில வாயு அந்த ஒளியில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். மறுமுனைக்கு வந்துசேர்வது எவ்வளவு என்று பார்த்தால் காற்றில் அந்த வாயு நூற்றுக்கு எத்தனை பங்கு என்று தெரிந்துவிடும். வெள்ளியின் காற்றில் தொண்ணூற்றாறு பங்கு அதுதான். குண்டு பாராசூட்டில் தொங்கி இறங்கும் ஒரு மணி நேரமும் இந்த அளவை அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், சூடும் குளிரும் மாறும்போது இந்த மாதிரிக் கருவிகள் தாமாகவே அளவை நகர்த்திக்கொள்ளும். காற்றில் ஒன்றுமே மாறியிருக்காது, கணினித் திரையில் எண் மட்டும் மெல்ல ஏறும். அதைச் சோதிக்க, காற்று ஒரே மாதிரியாகவும் சூடு மட்டும் மேலுக்கும் கீழுக்கும் வேறாகவும் இருக்கிற இடம் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அவ்வளவு உயரமான அறை கிடையாது. “எங்க ஊர்ப்பக்கம் நூறடிக்கு மேல் ஆழமான வறண்ட கிணறு இருக்கிறது சார். என் மாமா கிணறு வெட்டுகிறவர். கிரேன் வைத்திருக்கிறார்” என்று அவள் சொன்னாள். குழுத் தலைவர் சிங்காரவேலுவுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. மேலிருந்து கீழ்வரை வெறும் காற்று. திரையில் கோடு நேராக வரவேண்டும். கோணலாக வந்தால் குற்றம் கருவியுடையது.

கிணறு என்றால் வெறும் காற்று என்று அவ்வளவு படித்தவர்கள் எப்படி முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்காதீர்கள். நாலு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற காற்றைப் பற்றி யோசிக்கிறவர்களுக்குக் காலடியில் இருக்கிற காற்றைப் பற்றிச் சந்தேகம் வருவதில்லை. அது ஒரு வியாதி. படித்தவர்களை மட்டும் பிடிக்கும்.

கிணறு தங்கசாமியுடையது. ஊரில் பெரிய நிலக்காரர். நூற்றுப் பத்து அடி ஆழம், சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து எடுத்தது. நாலு வருஷமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை, யாரும் இறங்கவும் இல்லை. சுற்றிலும் கருவேலம் மண்டி, இலையும் நெற்றும் உள்ளே கொட்டி மக்கிக் கிடந்தது. மழை பொய்த்த வருஷமாதலால் அதை இன்னும் இருபதடி ஆழப்படுத்த முடிவு செய்து, வேலையை வெற்றிச்செல்வியின் தாய்மாமன் பெரியசாமியிடம் ஒப்படைத்திருந்தார். முதல் இரண்டு நாள் கருவிக்கு, அதற்கப்புறம் கடப்பாறைக்கு என்று பேச்சு.

பெரியசாமிக்கு ஐம்பது வயது இருக்கும். முப்பது வருஷமாகக் கிணற்றுக்குள்ளேயே வாழ்ந்தவர். தங்கை மகள் வேற்றுக் கிரகத்துக்கு மெசின் செய்கிறாள் என்பதை டீக்கடையில் சொல்லிச் சொல்லியே ஊர்க்காரர்களை ஓடவிட்டவர். அன்று காலை வேனிலிருந்து குண்டை இறக்கும்போது வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். கிணறு வெட்ட வந்த மனிதரின் வேட்டியைப் பார்த்துத் தம்பி செல்லதுரை சிரித்தார்.

“என்னண்ணே, பொண்ணு பாக்கப் போறியா?”

“போடா. இது எங்க போவுதுன்னு தெரியுமா ஒனக்கு? வானத்துல விடிவெள்ளி தெரியுதுல்ல, அங்க போவுது.”

தங்கசாமி இரண்டு நாற்காலி அனுப்பியிருந்தார். ஒன்றில் சிங்காரவேலு உட்கார்ந்தார். இன்னொன்றில் வெற்றிச்செல்வியை உட்காரச் சொன்னபோது அவள் அதில் மடிக்கணினியை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டாள். மாமா நிற்கும்போது அவரை வேலைக்கு வைத்தவர் வீட்டு நாற்காலியில் உட்கார அவளுக்கு வரவில்லை.

கிரேன் கம்பியில் குண்டைக் கட்டி, கூடவே கேபிளையும் விட்டு, பத்தடி பத்தடியாக இறக்கினார்கள். கேபிள் வழியாக எண்கள் திரைக்கு வந்தன. எழுபது அடி வரைக்கும் பூஜ்யத்தை ஒட்டியே கோடு போயிற்று. எழுபத்தைந்தில் ஒரு துள்ளல். எண்பதில் நாலு. தொண்ணூறில் எட்டு. அடியில் போய் நின்றபோது பதினொன்று.

“நூற்றுக்குப் பதினொன்றா” என்றார் சிங்காரவேலு. “பூமியில் ஏது இவ்வளவு கரியமில வாயு? கீழே குளிர்ச்சி. கருவியின் சர்க்யூட் போர்டு அளவை நகர்த்துகிறது. நான் பயந்தது இதற்குத்தான்.”

அவளுக்கும் அதுதான் தோன்றியது. ஆறு மாதமாக அந்தக் கருவியின் குற்றங்களை மட்டுமே பார்த்துப் பழகியவள் அவள். தான் பெற்ற பிள்ளை வகுப்பில் முதலாவது வந்தாலும் பார்த்து எழுதியிருப்பானோ என்று சந்தேகப்படுகிற தாய் மாதிரி. மதியம் மறுபடி இறக்கினார்கள். மறுபடியும் எழுபத்தைந்தில் துள்ளல், அடியில் பதினொன்று.

பெரியசாமி கிணற்று விளிம்பில் குந்தி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செல்வி, இந்தப் புறாவப் பாத்தியா? எல்லாம் மேல் பொந்துலயே கூடு கட்டிருக்கு. கீழ எவ்ளோ பொந்து கெடக்கு, ஒண்ணு கூட எறங்கல.”

“வெளிச்சம் இல்லாததால இருக்கும் மாமா” என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அன்று சாயங்காலம் சிங்காரவேலு ஒரு வழி கண்டுபிடித்தார். கருவி சூட்டுக்குப் பழக நேரம் கொடுக்க வேண்டும். கிணற்றின் அடிதான் காற்றசைவு இல்லாத, சூடு மாறாத இடம். அங்கே ஒரு மணி நேரம் நிற்க வைத்து, எண் நிலைத்ததும், அதையே பூஜ்யம் என்று கருவிக்குச் சொல்லிவிட வேண்டும். தராசில் பாத்திரத்தை வைத்து முள்ளைச் சரிசெய்கிற மாதிரி. ஆய்வுக்கூடத்தில் தினமும் செய்கிற காரியம்தான். அங்கே கரியமில வாயு இல்லாத சுத்தமான வாயுவை விட்டு அப்படிச் செய்வார்கள். இங்கே கிணற்றின் அடியில் இருந்ததைச் சுத்தம் என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குண்டு அடியில் போய் நின்றது. ஒரு மணி நேரம் பதினொன்றிலேயே அசையாமல் நின்றது. சிங்காரவேலு தலையசைத்தார். வெற்றிச்செல்வி பட்டனை அழுத்தினாள். பதினொன்று போய்ப் பூஜ்யம் வந்தது. அதன்பின் கோடு கயிறு கட்டி இழுத்தாற்போல நேராக ஓடியது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பெரியசாமி வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

“இப்ப கீழதான நிக்குது?”

“ஆமா மாமா. அடியில.”

“காத்தத்தான அளக்குது? கெட்ட காத்து இருந்தா காட்டுமா?”

“அதுக்குத்தான் செஞ்சதே.”

“இப்ப எவ்வளவு காட்டுது?”

“பூஜ்யம் மாமா.”

“அப்பச் சரி” என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துபோனார்.

அவள் அந்த நேரத்தில் அடுத்த அளவுக்கு மணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எதற்காகக் கேட்டார் என்று யோசிக்கவில்லை. ஒரு மனிதர் கேள்வி கேட்கிறார், திரையில் இருப்பதைச் சொல்கிறோம், அதில் என்ன பொய் இருக்கிறது? அந்தப் பகுதியில் பாழுங்கிணற்றில் இறங்குமுன் எரிகிற அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை விட்டுப் பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. விளக்கு அணைந்தால் அன்றைக்கு யாரும் இறங்கமாட்டார்கள். மாமாவின் கிரேனிலேயே அந்த விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

குண்டை மேலே தூக்கும்போது எழுபத்தைந்து அடிக்கு மேல் எண் மைனஸ் பதினொன்றுக்குப் போயிற்று. இல்லாததைவிடக் குறைவாக எந்த வாயுவும் இருக்க முடியாது. அவள் புருவத்தைச் சுருக்கினாள்.

“வெயில் பட்டு போர்டு சூடாகிறது. பெங்களூருக்குப் போய்க் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம்” என்றார் சிங்காரவேலு.

ஒரு மணிக்கு மூட்டை கட்டினார்கள். மாமா வேன்வரை வந்தார். வேட்டியை அவிழ்த்துவிட்டு டவுசரில் இருந்தார். “சாப்பாட்டுக்கு வூட்டுக்கு வந்துட்டுப் போயேன், அத்தை காத்துக்கிட்டிருக்கும்” என்றார். சார் கூட இருப்பதால் இன்னொரு நாள் வருவதாக அவள் சொன்னாள். “அப்ப நாங்க ரெண்டு மணிக்கு எறங்கிடுறோம்” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் சாப்பாடு வரக் காத்திருந்தார்கள். சிங்காரவேலு கைகழுவப் போனார். வெற்றிச்செல்வி மூன்று முறை இறக்கியதன் வரைபடங்களையும் மேசைமேல் பரப்பினாள். கையோடு கொண்டுவந்த சின்ன அச்சு இயந்திரத்தில் எடுத்த தாள்கள். மைனஸ் பதினொன்று மனதுக்குள் முள்ளாக நின்றது. மூன்று தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள்.

முதல் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக விழுந்தன. மூன்றாவது, பூஜ்யம் எடுத்தபின் மேலே தூக்கும்போது வந்தது, அதே வடிவம், பதினொன்று கீழே தள்ளி. காலை, மதியம், மறுநாள். வெயில் வேறு, நேரம் வேறு, கருவியின் சூடு வேறு. ஆனால் துள்ளல் மட்டும் மூன்றிலும் எழுபத்தைந்து அடியில்.

கருவி கெட்டால் நேரத்தோடு கெடும். ஆழம் பார்த்துக் கெடாது. அந்த ஆழத்தில் ஏதோ இருந்தது. மக்கின இலைகள் கக்கிய கரியமில வாயு, காற்றைவிடக் கனமாதலால் குளம் மாதிரித் தேங்கி, மேல்மட்டம் எழுபத்தைந்து அடியில் நிற்க, அடியில் முப்பத்தைந்து அடி கனத்துக்கு நிறைந்து கிடந்தது. கருவி அதை முதல் நாளே சொல்லிவிட்டது. இவர்கள் அதன் வாயை அடைத்தார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றே முக்கால்.

அவள் எழுந்த வேகத்தில் தண்ணீர் டம்ளர் உருண்டது. பக்கத்து எஸ்டிடி பூத்தில் தங்கசாமி வீட்டு எண்ணைச் சுழற்றினாள். அவர் மனைவி எடுத்தார்.

“எல்லாரும் கெணத்துக்குப் போயிட்டாங்களே. இவரும் அங்கதான் இருக்காரு.”

“யாரும் இறங்கக் கூடாதுன்னு சொல்லுங்கம்மா. உள்ள கெட்ட காத்து இருக்கு. உடனே ஆள் அனுப்புங்க.”

“வூட்டுல யாரும் இல்லையே. சரி, நானே போறேன்” என்று அந்த அம்மாள் போனை வைத்தார். வீட்டிலிருந்து கிணறு ஒரு மைல். அறுபது வயது அம்மாள், சித்திரை வெயில்.

வேன் கிளம்பியபோது சிங்காரவேலு அப்போதுதான் வந்த சாப்பாட்டை இலையில் அப்படியே விட்டுவிட்டு ஏறினார். “நீ பதற்றப்படுகிறாய். இன்னொரு தடவை பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம்” என்றார். அதுவரை அவர் சொல் அவளுக்கு வேதம். அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் ஓட்டுநரிடம் மட்டும் பேசினாள்.

கருவேலங்காட்டைத் தாண்டியதுமே ஆட்கள் விளிம்பைச் சுற்றி நிற்பது தெரிந்தது. தங்கசாமியின் மனைவி ஒரு மரத்தடியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். அவர் வந்துசேர்ந்தபோதே காலம் கடந்திருந்தது. பெரியசாமிதான் முதலில் இறங்கியிருக்கிறார். கிரேனில் மாட்டிய இரும்புத் தொட்டியிலிருந்து இறங்கி, கடப்பாறையை எடுத்து, குனிந்து, யாரோ கூப்பிட்டாற்போல நின்று, அப்படியே உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள்.

தொட்டி மேலே வந்திருந்தது. செல்லதுரை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அதற்குள் ஒரு காலை வைத்திருந்தார்.

“சின்ன மாமா, எறங்காத.”

“வுடுடி. எங்கண்ணன் கெடக்குறான் கீழ.”

“எறங்குனா நீயும் அங்கயே கெடப்ப. பதினொண்ணு இருக்கு.”

“பூஜ்யம்னு நீதான சொன்ன?”

அவள் கிரேனின் டீசல் எஞ்சினை நிறுத்தினாள். அதைச் சுற்றிவிடுகிற இரும்பு ஹேண்டிலை உருவி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் குந்தினாள். செல்லதுரை வந்து பிடுங்கிப் பார்த்தார். அடித்தார். தலைமயிரைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. “அசையுறாரு, கைய அசைக்குறாரு” என்று விளிம்பிலிருந்து யாரோ கத்தினார்கள். அது நிஜமா, நிழலா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவள் போய் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தானே ஹேண்டிலைக் கொடுத்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

“கம்ப்ரசர் வண்டி எங்க இருக்கு? அதக் கொண்டாங்க. அடில காத்து அடிச்சாத்தான் எறங்க முடியும்” என்றாள்.

பாறை குடைய வாடகைக்கு விடும் கம்ப்ரசர் பூட்டிய டிராக்டர் பக்கத்து ஊரில் இருந்தது. வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிஷமும் அவளும் செல்லதுரையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு தடவை மட்டும் வாயைத் திறந்தார்.

“வெளக்க எடுத்தேன். வேணாம்னுட்டான். எம் மருமவ மெசினு பாத்துச் சொல்லிருக்கு, அதுக்கு மேல வெளக்க வுட்டா அத நம்பலைன்னு ஆயிடும், நாலு பேரு பாக்குறாங்கன்னான்.”

ரப்பர் குழாயை அடிவரை விட்டுக் காற்று அடித்தார்கள். வெற்றிச்செல்வி வேனிலிருந்து குண்டை எடுத்தாள். வெட்டவெளியில் வைத்து, வீசுகிற காற்றில் பூஜ்யம் எடுத்தாள். பிறகு கைக்கயிற்றில் கட்டி இறக்கினாள். பதினொன்று. பத்து நிமிஷம் கழித்து ஏழு. அப்புறம் மூன்று. ஒன்றுக்குக் கீழே வந்தபிறகுதான் ஹேண்டிலைக் கொடுத்தாள். செல்லதுரை இறங்கி அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் காயம் எதுவும் இல்லை. உடம்பு மட்டும் குளிர்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் சிங்காரவேலு அவளைத் தனியே அழைத்தார். கண் கலங்கித்தான் இருந்தார், அதில் வேஷம் இல்லை. “சென்சார் கோளாறு என்று சொல்லிவிடு. சோதனைக் கருவிதானே, கோளாறு வருவது சகஜம். போலீசுக்கும் நான் அப்படித்தான் சொன்னேன். உன் வீட்டாருக்கும் அதுதான் நல்லது. மெசின்மேல் பழி போனால் மனுஷர்கள் பிழைத்துக்கொள்ளலாம்” என்றார். யோசித்துப் பார்த்தால் நல்ல புத்திமதிதான். அவள் தலையைக்கூட ஆட்டினாள்.

மூன்றாம் நாள் பால் தெளித்து முடிந்து, உறவுக்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், அத்தை கலியம்மாள் அவளைக் கூப்பிட்டு அருகில் உட்காரவைத்தாள். செல்லதுரை வெளியே கிடந்தார். அவர் அந்த இரண்டு நாளாக அவளைப் பார்க்கவில்லை. அத்தை அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

“அந்த மெசினு பழுதாமே கண்ணு. ஒங்க சார் சொன்னாராம். அந்தப் புள்ளயத் திட்டாத, மெசினு செஞ்ச வேலைக்கு அது என்ன பண்ணும்னு செல்லதுரைகிட்டச் சொல்லிருக்கேன். ஒம் மேல ஒண்ணும் இல்ல. நீ மனசுல வச்சிக்காத.”

ஆமாம் அத்தை என்று ஒரு வார்த்தை போதும். வெற்றிச்செல்வி அந்த வார்த்தையைச் சொல்லவே வாயைத் திறந்தாள்.

“பழுது இல்ல அத்தை. அது மொத நாளே சரியாச் சொல்லிருச்சு. பதினொண்ணுன்னு சொன்னுச்சு. நாங்கதான் நம்பாம, அத பூஜ்யம்னு மாத்தி வச்சோம்.”

கலியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“மாத்துனது அந்த சாரா, நீயா?”

“மாத்தச் சொன்னது அவரு. பட்டன அமுக்குனது நான். மாமா வந்து கேட்டப்ப, பூஜ்யம்னு சொன்னதும் நான்தான்.”

அத்தை அவள் கையை மடியிலிருந்து எடுத்துப் பாய்மேல் வைத்தாள். தூக்கி எறியவில்லை, மெதுவாகத்தான் வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

“எந்திரி. செல்லதுரை உள்ள வர்றதுக்குள்ள பஸ்ஸுக்குப் போ. இத அவன் கேட்டான்னா ஒன்ன உசுரோட வுட மாட்டான்.”

அவள் பையை எடுத்துக்கொண்டாள். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் இல்லை. அவளும் சொல்லவில்லை, அத்தையும் வா என்று சொல்லவில்லை. பின்வாசல் வழியாக இறங்கி ரோட்டுக்கு நடந்தாள்.